ரவியின் அடைப்புக்குறி

1

ஊரில் இருந்து இதை வாசிக்கப் போகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது மரண அறிவித்தல்களைப் பற்றிய குறிப்பு. பாரிஸ் என்றதும் இரும்புக் கோபுரத்தையும் வாசனைத் தைலத்தையும் எதிர்பார்ப்பவர்கள் பக்கத்தைப் புரட்டிவிடலாம். கோபிக்கமாட்டேன்.

பாரிஸின் லா சப்பலில் எங்கள் சனத்தின் கடைக் கண்ணாடிகளை நீங்கள் பார்க்கவேண்டும். சேலைத் தள்ளுபடி, பரதநாட்டிய வகுப்பு, அறை வாடகைக்கு, இவற்றுக்கு நடுவே கறுப்புக் கரை போட்ட அறிவித்தல்கள் ஒட்டியிருக்கும். பையில் முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருக்கச் சனம் நின்று வாசிக்கும். முதலில் படத்தைப் பார்ப்பார்கள். பிறகு பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் எந்த ஊர்களைக் கொண்டவர் என்று பார்ப்பார்கள். பிறகு பெயருக்கு முன்னால் என்ன போட்டிருக்கிறது என்று பார்ப்பார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர், பிரபல வர்த்தகர், சமூக சேவையாளர், இப்படி ஏதாவது இருக்கும். பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் வீட்டுப் பெயரோ பட்டப்பெயரோ வரும். அதைக் கண்ட பிறகுதான் பலருக்கு, "ஐயோ, உவரோ!" என்று வாய் திறக்கும்.

எங்கள் ஆட்களில் பாதிப்பேருக்கு மற்றவரின் முழுப்பெயர் தெரியாது. முழுப்பெயர் விசாக் கந்தோருக்கும் வங்கிக்கும் உரியது. அங்கேயும் தகப்பன் பெயரைக் குடும்பப் பெயராக்கி, நம் பெயரைப் பின்னால் தள்ளிவிடுவார்கள். என் பெயர் மூர்த்தி. அலுவலகத்தில் நான் மெசியு கந்தையா, அதாவது திருவாளர் கந்தையா. என் அப்பா கந்தையா வாழ்நாளில் இந்த நாட்டுக்கு வந்ததில்லை. ஆனாலும் இங்கே கூட்டங்களில் தினமும் அவரைத்தான் கூப்பிடுகிறார்கள்.

சனிக்கிழமைகளில் நான் குகனின் அச்சுக்கடையில் இந்த அறிவித்தல்களை வடிவமைத்துக் கொடுக்கிறேன். எழுத்துகளை ஒழுங்காக அடுக்குவதில் எனக்கு ஒரு பைத்தியம் உண்டு. குகன் எனக்கு ஒரு தேத்தண்ணியும் ஒரு கதிரையும் தருவான்.

2

கிழமை நாட்களில் நான் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் வேலை செய்கிறேன். அங்கே என் பொறுப்பு, மேல்வீட்டிலிருந்து கீழ்வீட்டுக்கு ஒழுகும் தண்ணீர். அது மட்டும்தான். தெருவிலிருந்து வீட்டுக்குள் வரும் தண்ணீர் என்றால் பக்கத்து மேசை. தீ என்றால் மேல்மாடி. ஒருமுறை மேல்வீட்டுத் தீயை அணைக்க ஊற்றிய தண்ணீர் கீழ்வீட்டுக்கு ஒழுகிவிட்டது. அது யாருடைய தண்ணீர் என்று முடிவெடுக்க எங்கள் எல்லோரையும் கூப்பிட்டுக் கூட்டம் வைத்தார்கள்.

நான் குறை சொல்லவில்லை. ஒழுகும் தண்ணீர் எனக்குச் சோறு போடுகிறது. ஆனால் வீட்டில் என்னிடம் ஒரு தொலைநோக்கி இருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் புளித்த மா குழைத்துப் பாண் சுடுகிறேன். பழைய பாய்மரக் கப்பல்களைப் பற்றி யாராவது கதைத்தால் சாப்பாட்டை மறந்துவிடுவேன். இவை ஒன்றும் அலுவலகத்தில் தெரியாது. சொல்லப் பயம். ஊரில் ஒருவனை நாலும் தெரிந்தவன் என்றால் அது பாராட்டு. இங்கே அதையே சொன்னால் எதிரில் இருப்பவர் பேனாவை மூடிவிடுவார். நான் வேலை தேடிய காலத்தில், வேலைவாய்ப்பு ஆலோசகரான ஓர் அம்மா என் விபரத்தாளை நிதானமாக வாசித்துவிட்டு, "இதற்குள் நாலு பேர் இருக்கிறார்கள் மெசியு. ஒருவரை வைத்துக்கொண்டு மற்ற மூன்று பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்" என்றார். அனுப்பிவிட்டேன். அவர்கள் விடுமுறை நாட்களில் மட்டும் வந்து போகிறார்கள்.

ரவி ஒருவரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை. வந்த புதிதில் மார்க்ஸ் டோர்மோயில் ஓர் அறையில் நாங்கள் ஒன்றாக இருந்தோம். அவன் ஒரு பிரெஞ்சு உணவகத்தில் சமையல் வேலைக்குச் சேர்ந்து கடைசிவரை அங்கேயே இருந்தான். அதற்கு மேல் டோலக் வாசிப்பான், கலியாண வீடுகளுக்கு ஒரு மெல்லிசைக் குழுவோடு போவான். பிரெஞ்சுக்காரர்களின் சதுரங்கக் கழகத்தில் அங்கத்தவன். எங்கோ ஒரு பொதுத் தோட்டத்தில் ஒரு துண்டு நிலம் எடுத்து நம் ஊர்க் கத்தரிக்காய் வளர்த்தான். இலையுதிர் காலத்தில் காளான் தேடிக் காட்டுக்குப் போகும் ஒரு கூட்டத்திலும் இருந்தான். கலியாணம் கட்டவில்லை. கட்டியிருந்தால் நேரம் எங்கே என்று நாங்கள் பகிடி விடுவோம்.

"ரவி, இதில உனக்கு எது முக்கியம்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"இண்டைக்கு என்ன கிழமை எண்டு சொல்லு, சொல்லுறன்" என்றான்.

ஒவ்வொன்றுக்கும் அவனுக்குத் தனித்தனி ஆட்கள் இருந்தார்கள். அவர்களைப் பற்றி எனக்குச் சொல்லுவான். அவர்களில் ஒருவரைக்கூட நான் நேரில் கண்டதில்லை. அது அந்த நாளில் எனக்கு ஒரு விஷயமாகவே படவில்லை.

3

மாசி மாதக் குளிரில் ஒருநாள் வேலை செய்துகொண்டிருந்த இடத்தில் ரவி விழுந்தான். இதயம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள், திரும்பி வரவில்லை. பாரிஸுக்கு வெளியே ஆர்ஜொந்தெய்யில் இருக்கும் அவனுடைய தம்பி இராசன், சனிக்கிழமை குகனின் கடைக்கு வந்து என் கதிரைக்குப் பக்கத்தில் நின்றான். கண் வீங்கியிருந்தது.

"மூர்த்தி அண்ணை, அண்ணையின்ரை அறிவித்தலை நீங்கள்தான் செய்துதர வேணும்."

வேலையைத் தொடங்கினால் கொஞ்சம் தாங்கலாம் என்று தோன்றியது. பெயரை அடித்தேன். நடராசா இரவீந்திரன். பெயருக்கு முன்னால் வெறுமையாக இருந்தது.

"இதில என்ன போடுறது, தம்பி?"

"மரணம் பதிய மெறிக்குப் போக, தொழில் என்னெண்டு கேட்டவை. குய்ஸினியே எண்டு பதிஞ்சாச்சு. ஆனா அறிவித்தலில சமையல்காரர் எண்டு போட ஏலாது அண்ணை. ஊரில சொந்தக்காரர் என்ன நினைப்பினம்?"

"உணவகத்துறை எண்டு போடுங்கோவன்" என்றான் குகன், அச்சு இயந்திரத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

அப்படித்தான் ரவி 'பிரான்ஸ் உணவகத்துறை உத்தியோகத்தர்' ஆனான். ரவி கேட்டால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பான்.

"டோலக் வாசிச்சவர் எண்டும் போடுவமே? செஸ் விளையாட்டு, தோட்டம்..."

"அதெல்லாம் தொழிலோ அண்ணை? பொழுதுபோக்குத்தானே."

எனக்கு அந்த ஆலோசகர் அம்மாவின் குரல் கேட்டதுபோல இருந்தது. துக்கத்தில் நிற்பவனோடு வாதாட முடியுமா?

"பிறக்கெற்றுக்குள்ளை என்ன போட?" என்று பெயருக்குப் பின்னால் இருந்த அடைப்புக்குறியைக் காட்டினேன்.

"வீட்டில ரவி எண்டுதான் கூப்பிடுறது."

லா சப்பல் சந்தியில் நின்று ரவி என்று ஒருமுறை கூப்பிட்டுப் பாருங்கள், தெருவில் பாதி திரும்பிப் பார்க்கும். படத்துக்கும் இராசன் தன் கலியாண அல்பத்திலிருந்துதான் ஒன்றைக் கொண்டுவந்திருந்தான். கோட், கழுத்துப்பட்டி, அடர்ந்த தலைமயிர். நான் பழகிய ரவி தலை வழுக்கையை ஒரு கம்பளித் தொப்பிக்குள் ஒளித்துவைத்திருப்பவன். ஆனால் எங்கள் சனம் அறிவித்தல்களுக்கு எப்போதும் மாப்பிள்ளைக் காலத்துப் படத்தைத்தான் தரும். அழகாக அனுப்பிவைக்க வேண்டுமென்ற ஆசை. அதையும் போட்டேன்.

4

தகனத்துக்குக் கிடைத்த நேரம் ஒரு கிழமை நாளின் காலை. பெரிய மண்டபம். வாங்குகள் வரிசை வரிசையாக வெறுமையாகக் கிடந்தன. இராசன் குடும்பம், உணவகத்திலிருந்து ஓரிருவர், நான், மனைவி சாந்தி, குகன், அவ்வளவுதான். எல்லோரும் முன்வரிசையில் இருந்தும் இடம் மிஞ்சியது.

மண்டபப் பொறுப்பாளர் மெதுவாக என்னிடம் வந்து, இன்னும் ஆட்கள் வருவார்களா, கொஞ்சம் காத்திருக்கட்டுமா என்று மரியாதையாகக் கேட்டார். நான் இராசனைப் பார்த்தேன்.

"கொஞ்சம் பாக்கச் சொல்லுங்கோ அண்ணை. மெத்ரோ சுணங்கியிருக்கும்."

காத்திருந்தோம். கதவு திறக்கவில்லை. கலியாண வீடுகளில் டோலக் சத்தத்தால் மண்டபத்தை எழுப்பி ஆடவைத்தவனுக்கு ஒரு வாத்தியக்காரர்கூட வரவில்லை. ஒரு தோட்டக்காரர் வரவில்லை. எனக்கு முதலில் அவர்கள் மேல் கோபம் வந்தது. பிறகு அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் கோபம் போய்ப் பயம் வந்தது. ரவிக்கு நடந்தது எனக்கும் நடக்கும். வெள்ளிக்கிழமை என் பாணை வாங்கிக்கொண்டு போகிற பக்கத்து வீட்டுக் கிழவருக்கு நான் நட்சத்திரம் பார்ப்பவன் என்பது தெரியாது. நான் போகும் நட்சத்திரக் கழகத்தில் என்னைத் தமிழ் எழுத்தோடு ஒருவரும் இணைத்துப் பார்த்ததில்லை. அலுவலகத்துக்கு நான் கந்தையா. சாந்தியும் எனக்கு முன்னால் போய்விட்டால், மகளுக்கு இவர்களில் யாரைத் தெரியும், யார் யாருக்குச் சொல்வது?

பொறுப்பாளர் இன்னொருமுறை பார்த்தார். இராசன் தலையை ஆட்டினான். இறுதி நிகழ்வு தொடங்கியது.

5

அதே கிழமையில் மகளின் பள்ளிக்கூடத்திலிருந்து அழைப்பு வந்தது. ஆரணி பள்ளிக்கூடத்தில் கடைசி வருஷம். இங்கே பிள்ளைகள் மேற்படிப்புக்கான தங்கள் விருப்பங்களை அரசாங்க இணையத்தளத்தில் குறித்த திகதிக்குள் பதியவேண்டும். வகுப்பாசிரியை ஆரணியின் பட்டியலை என்முன் திருப்பிவைத்தார். நிலவியல், தாதியியல், சீன மொழி, ஒலிப்பதிவு. நான் வீட்டில் படித்துப் படித்துச் சொன்ன கணக்கியல் மட்டும் அதில் இல்லை.

"கெட்டிக்காரி. ஆனால் எப்பர்பியே" என்றார் ஆசிரியை. சிதறிப்போனவள் என்று அர்த்தம். அவர் அன்பாகத்தான் சொன்னார். ஆனால் எனக்கு மெத்ரோ முழுவதும் அந்தச் சொல்லே காதுக்குள் நின்றது.

ஆரணிக்குத் தமிழ் நன்றாக விளங்கும், பதில் மட்டும் பிரெஞ்சில் வரும். அவள் சொன்னதை நான் தமிழில் தருகிறேன்.

"ஒண்டை வைச்சுக்கொண்டு மிச்சத்தை அழி, பிள்ளை" என்றேன்.

"எதை அழிக்க?"

"எதையெண்டாலும். ஒரு ஆளுக்கு ஒரு தொழில்தான். நாலு வாசலில நிண்டா ஒரு வாசலும் திறக்காது. உன்ரை நன்மைக்குத்தான் சொல்லுறன்."

"நீங்கள் எதை அழித்தீர்கள் அப்பா?" என்று கேட்டாள். முறைப்பாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான் மறுபடியும் பட்டியலைப் பற்றியே சொன்னேன். அவள் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள்.

"செத்த வீட்டுக்குப் போட்டு வந்த நாளில இருந்து நீங்கள் ஒரு மாதிரித்தான். அந்தப் பயத்தைக் கொண்டுவந்து பிள்ளையின்ரை தலையில கொட்டாதையுங்கோ" என்றாள் சாந்தி.

சாந்தி சொன்னது சரி. ஆனால் பயப்படுகிற மனிதனுக்கு ஒரு வழிதான் தெரியும், மற்றவர்களையும் பத்திரமான மூலைக்குள் தள்ளிவிடுவது. தள்ளிவிட்டால் தான் நிம்மதியாகத் தூங்கலாம் என்று நினைக்கிறான். நான் அப்படித்தான் நினைத்தேன். தினமும் காலையில் கோப்பியைக் குடித்துக்கொண்டே, "அழிச்சிட்டியோ?" என்று கேட்பேன். அவள் பையை மாட்டிக்கொண்டு இறங்கிவிடுவாள்.

6

இரண்டு கிழமை கழித்து ஒரு சனிக்கிழமை இராசன் மறுபடியும் கடைக்கு வந்தான். கையில் ரவியின் கைத்தொலைபேசி. ஆஸ்பத்திரியில் கொடுத்த பையைத் திறந்து பார்க்க இவ்வளவு நாளும் அவனுக்கு மனம் வரவில்லை. திறந்து மின்னேற்றியதும் அது அடிக்கத் தொடங்கிவிட்டதாம்.

"விடாமல் அடிக்குது அண்ணை. பூட்டு இலக்கம் தெரியாது, உள்ளுக்குப் போகேலாது. வாற கோலை மட்டும்தான் எடுக்கலாம். பிரெஞ்சில டக்கு டக்கெண்டு கதைக்கினம், எனக்கு விளங்கேல்லை."

அவன் சொல்லி முடிக்கவில்லை, என் மேசையில் அது அதிர்ந்தது. மூவரும் அதைப் பார்த்தோம். செத்தவனின் தொலைபேசி அடிக்கும்போது யாருக்கும் கை நீளாது. கடைசியில் நான் எடுத்தேன்.

"ரவி அண்ணை, எங்கை நிக்கிறியள்? ஒத்திகைக்கு ரெண்டு தரம் வரேல்லை. வாற மாதம் கலியாண வீடு இருக்கெல்லோ?"

மெல்லிசைக் குழுவை நடத்துபவர் பேசினார். நான் விஷயத்தைச் சொன்னேன்.

"அந்த அறிவித்தலை நான் சாப்பாட்டுக்கடைக் கண்ணாடியில பாத்தனான் அண்ணை" என்றார். "கோட்டுப் போட்ட ஆரோ உத்தியோகத்தர் எண்டு நினைச்சுப் போட்டு கொத்து ரொட்டி வாங்கிக்கொண்டு போனனான். எங்களுக்கு அவர் டோலக் ரவி. முழுப்பேர் கேட்டதேயில்லை. ஐயோ, அதைப் பாத்துக்கொண்டெல்லோ நிண்டனான்."

அவர் அழத் தொடங்கினார். எனக்கும் வந்துவிட்டது.

அன்று மாலைக்குள் அது மறுபடி மறுபடி அடித்தது. சதுரங்கக் கழகத்துக்காரர் ஒருவர், நடராசா என்பதைச் சுருக்கி, மெசியு நடா ஒரு போட்டிக்கு வராமல் விட்டதே இல்லையே, சுகமில்லையா என்று விசாரித்தார். கடைசியாக ஒரு வயதான பெண்குரல், பெயர் மிஷேல். அவர் மெசியு ஓபெர்ஜின் இருக்கிறாரா என்று கேட்டார். ஓபெர்ஜின் என்றால் கத்தரிக்காய். விதை போடும் காலம் தப்பிப்போகிறது, இந்தக் குளிருக்கு அவருடைய கத்தரி முளைக்காது என்று போன வருஷம் தான் சொன்னதற்குக் கோபமா என்று கவலையோடு கேட்டார். ஒவ்வொருவருக்கும் நான் அதே செய்தியைச் சொன்னேன். ஒரு மனிதன் ஒரு பின்னேரத்துக்குள் எத்தனை தரம் சாகலாம்? ஒவ்வொரு தரமும் புதிதாகவே இருந்தது.

மிஷேலிடம் தோட்டம் எங்கே என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே இராசனுக்குச் சொன்னேன். ஆர்ஜொந்தெய், ஆற்றுப் பக்கம்.

இராசன் அச்சுத்தாள் கட்டின்மேல் இருந்துவிட்டான்.

"என்ரை வீட்டில இருந்து நடந்து போற தூரம் அண்ணை. ஞாயிறு மத்தியானத்தில அண்ணை சாப்பிட வருவார். வரேக்குள்ள கத்தரிக்காய் கொண்டு வருவார். லா சப்பலில வாங்கினது எண்டு நினைச்சனான். காலமை எங்கை நிண்டிட்டு வாறியள் எண்டு ஒருநாளும் கேக்கேல்லையே."

குகன் அவனுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தான். அவன் குடிக்கவில்லை.

7

எங்கள் வழக்கத்தில் முப்பத்தோராம் நாளுக்கு நினைவஞ்சலியும் நன்றி நவிலலும் அடிப்போம். அதற்கென்று தயாரான வாசகம் என் கணினியில் இருக்கிறது. நேரில் வந்து ஆறுதல் கூறியோருக்கும், மலர்வளையம் வைத்தோருக்கும், தொலைபேசியில் அனுதாபம் தெரிவித்தோருக்கும் என்று தொடங்கும். பெயரையும் படத்தையும் மாற்றினால் போதும். ரவிக்காக அதைத் திறந்தேன். வராதவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது?

அந்த வாசகத்தை எடுத்துவிட்டேன். பெயருக்கு முன்னால் இருந்த உத்தியோகத்தரையும் எடுத்தேன். பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறியைத் திறந்தேன். டோலக் ரவி, மெசியு நடா, கத்தரிக்காய் மெசியு. காளான் கூட்டத்துக்காரர் என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று, அந்தக் கூட்டத்துக்கும் போகிற மிஷேலிடம் கேட்டு அறிந்து அதையும் போட்டேன். அவர்கள் அவனை 'மெல்லப் போ' என்ற அர்த்தத்தில் ஒரு பிரெஞ்சுப் பெயரால் அழைத்தார்களாம், காளானை மிதித்துவிடக்கூடாது என்று எல்லோரையும் மெதுவாக நடக்கவைப்பானாம். பிறகு உணவகத்தில் அவனை அழைத்த பெயர். கீழே எல்லாவற்றையும் பிரெஞ்சிலும் எழுதினேன். படத்துக்கு மிஷேல் அனுப்பியது, கம்பளித் தொப்பியோடு மண் கையால் மூக்கைச் சொறிந்துகொண்டு நிற்கிற ரவி.

"பிறக்கெற்றுக்குள்ளை இவ்வளவு பேரோ? சனம் சிரிக்காதே அண்ணை?" என்று இராசன் தயங்கினான்.

"சிரிக்கட்டும் தம்பி. வரட்டும்."

கடைசி வரியாக, முன்பு அறியாதவர்களுக்கு இதுவே அறிவித்தல் என்று போட்டேன். குகன் தாளை எடுத்துப் பார்த்துவிட்டு, "பேரைவிடப் பிறக்கெற் பெரிசாப் போச்சு" என்றான். அவனே கொண்டுபோய்த் தெரு முழுவதும் ஒட்டினான்.

8

ஆர்ஜொந்தெய்யில் ஒரு சின்ன மண்டபத்தில் இராசன் சாப்பாடு கொடுத்தான். பரிமாற ஆள் வேண்டுமென்று ஆரணியையும் கூட்டிக்கொண்டு போனேன். பட்டியலுக்கான கடைசி நாளுக்கு முதல் நாள் அது. இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை.

ஆட்கள் வந்தார்கள். வந்துகொண்டே இருந்தார்கள். இராசன் வாசலில் நின்று கையைப் பிசைந்துகொண்டு, "ஆர் அண்ணை இவையெல்லாம்?" என்று என்னிடம் கேட்டபடி இருந்தான். மிஷேல் தயிர்க் கோப்பைகளில் முளைத்திருந்த கத்தரி நாற்றுகளை ஒரு பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தார். அவன் பெட்டியைப் பிடித்துக்கொண்டே மிச்ச நேரம் முழுவதும் நின்றான்.

நல்லபடியாக முடிந்தது என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் அப்படி எதிர்பார்த்துத்தான் போனேன். ஆனால் வந்தவர்கள் மூலைக்கு மூலை தனித்தனியே நின்றார்கள். வாத்தியக்காரர்கள் ஒரு பக்கம், சதுரங்கக்காரர்கள் ஒரு பக்கம், சேற்றுச் சப்பாத்தோடு தோட்டக்காரர்கள் ஒரு பக்கம். ஒவ்வொரு கூட்டமும் வந்து படத்தை உற்றுப் பார்த்து, இது தங்களுடைய ரவிதான் என்று உறுதி செய்துகொண்டு மறுபடி தன் மூலைக்குப் போனது. மெல்லிசைக் குழுக்காரர் என்னைத் தனியே இழுத்தார்.

"அவர் செஸ் விளையாடுறவரோ அண்ணை? இத்தினை வருஷம் ஒரே வானில ஏறிக் கலியாண வீடுகளுக்குப் போய் வந்தனாங்கள். எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லையே."

அவர் குரலில் கோபம் இருந்தது. ஏமாற்றப்பட்டவனின் கோபம். ரவி ஏமாற்றவில்லை, யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் மண்டபம் நிறைய ஆட்கள் இருந்தும் முழு ரவியை அறிந்தவர் அதில் ஒருவரும் இல்லை. நானும் இல்லை.

ஆரணி வடைத் தட்டோடு மூலைக்கு மூலை போய்வந்தாள். ஒரு கட்டத்தில் அவள் மிஷேலின் கையைப் பிடித்துக்கொண்டு போய் டோலக்காரர்கள் முன்னால் நிறுத்தி, அவர் சொல்வதைத் தமிழில் அவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருப்பதைக் கண்டேன். தடுக்கித் தடுக்கி, பாதி பிரெஞ்சும் பாதி தமிழுமாக. அவர்கள் சிரித்தார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்தார். யாரும் அவளை அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

9

திரும்பி வரும்போது சேன்-லசார் போகும் ரயிலில் எதிரெதிரே இருந்தோம். ஜன்னலில் ஆறு வந்து போனது.

"உங்கள் அடைப்புக்குறிக்குள் என்னென்ன வரும் அப்பா?" என்று கேட்டாள்.

எனக்குத் திடுக்கிட்டது. ஆனாலும் சொன்னேன். மெசியு கந்தையா. பாண்காரர். நட்சத்திரக் கழகத்தில் என்னைப் பகிடியாகக் கப்டன் என்பார்கள், நான் எப்போதும் கப்பல் கதை சொல்வதால். அவளுக்கு அது தெரியாது. "கப்டனா?" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

பிறகு சிரிப்பு நின்றது. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "முவா ஒஸி, பயம்" என்றாள். எனக்கும் பயம் என்றாள். பயம் என்ற சொல்லை மட்டும் தமிழில் சொன்னாள். பட்டியலில் ஒன்றை அழித்தால் அந்த ஆட்களோடு இருக்கிற ஆரணியும் போய்விடுவாள் போலவும், அழிக்காவிட்டால் ஒரு இடத்திலும் யாரும் தன்னை முழுதாக அறியமாட்டார்கள் போலவும் இருக்கிறது என்றாள். இந்த வயதில் நான் மண்டபக் கதவைப் பார்த்துப் பட்ட பயத்தை, அவள் பதினேழு வயதில் பள்ளிக்கூடப் பையோடு சுமந்துகொண்டு திரிந்திருக்கிறாள். நான் தினமும் காலையில் அதற்கு மேல் ஒன்றை ஏற்றிவிட்டிருக்கிறேன்.

அவளுக்கு ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் ஒன்று உறைத்தது. என் மகளின் ஆட்களில் ஒருவரையும் எனக்குத் தெரியாது. சீன வகுப்பில் அவள் யாருக்குப் பக்கத்தில் இருக்கிறாள்? அந்த ஒலிப்பதிவு வேலையை எங்கே போய்ப் பழகினாள்? அறையில் அவள் அடுக்கிவைத்திருக்கும் பாறைக் கல்லெல்லாம் அவளுக்கு யார் தருகிறார்கள்? அவர்கள் அவளை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்? நாளைக்கு அவளுடைய தொலைபேசி என் மேசையில் அடித்தால்... அதற்கு மேல் என்னால் நினைக்க முடியவில்லை. நினைக்கக்கூடாதது அது. இவர்களை ஒருவர் ஒருவராக அழி என்றுதான் நான் தினமும் கோப்பி குடித்துக்கொண்டு சொல்லிக்கொண்டிருந்தேன்.

"அவை உன்னை என்னெண்டு கூப்பிடுறவை, பிள்ளை?" என்று கேட்டேன்.

"யார்?"

"எல்லாரும். ஒவ்வொரு இடத்திலயும்."

பகிடி பண்ணுகிறேனோ என்று என் முகத்தைப் பார்த்தாள். பிறகு சொல்லத் தொடங்கினாள். சீன வகுப்பு ஆசிரியை வைத்த பெயர், கல் பொறுக்கப் போகும் கூட்டத்தில் ஒரு பெயர், ஒலிப்பதிவு பழகும் இடத்தில் ஒன்று, முதியோர் இல்லத்தில் ஒன்று. முதியோர் இல்லமா என்று கேட்டேன். புதன்கிழமைகளில் அங்கே போய் ஒரு பாட்டிக்கு வாசித்துக் காட்டுகிறாளாம். வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். புதன் பின்னேரம் அவள் எங்கே போகிறாள் என்று நான் கேட்டதே இல்லை.

சேன்-லசாரில் இறங்கிப் பன்னிரண்டாம் மெத்ரோ பிடித்தோம். கூட்டம். நின்றுகொண்டு வந்தோம். பட்டியலைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. அவள் அதை அப்படியே அனுப்பப்போகிறாள் என்பது எனக்குத் தெரிந்தது. என்ன ஆகுமோ என்ற பயம் இப்போதும் அப்படியே இருக்கிறது, குறையவில்லை.

நாங்கள் இறங்கும் மார்க்ஸ் டோர்மோய் வருவதற்குள் அந்தப் பெயர்களை மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். ஒன்று விடுபட்டது. அவள் தோளைத் தட்டித் திரும்பக் கேட்டேன்.